மீனில் கிடைத்த இரண்டாம் பிரதி

1922-ல் உடலியல் அறிஞர் ஜான் மக்ளவுட், கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸில் மீன்களின் வயிற்றைக் கீறி இன்சுலினைத் தேடினார். தூண்டில் மீனையும் ஸ்கல்பின் மீனையும் அவர் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் செரிமானச் சாறு சுரக்கும் திசுவுக்குள் சிதறிப் புதைந்து கிடக்கின்றன. இந்த மீன்களிலோ அவை தனியே, வெறும் கண்ணுக்கே தெரியும் சிறு கட்டியாகத் திரண்டிருக்கும். அந்தக் கட்டியின் சாறு முயலின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. மீதித் திசுவின் சாறு குறைக்கவில்லை. அன்று மீனிடம் கேட்கத் தெரிந்த கேள்வி அவ்வளவுதான்: இந்த ஹார்மோன் எங்கே இருக்கிறது?

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அதே தூண்டில் மீனின் கட்டி மீண்டும் ஆய்வு மேசைக்கு வந்தது. 1980-ல் சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் ரட்டரின் குழு அதிலிருந்து சொமட்டோஸ்டாட்டின் ஹார்மோனின் மரபுச் செய்தியைப் படித்தபோது, ஒன்றல்ல, இரண்டு கிடைத்தன. 14 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சிறு சங்கிலி முதலாவதில் நம்முடையதேதான், ஓர் எழுத்தும் மாறவில்லை. இரண்டாவதில் ஏழாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருந்தன. பாஸ்டனில் ஜோயல் ஹாபெனரின் ஆய்வகம் அதே மீனில், இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககானைத் தேடிப் போனது. அங்கும் இரண்டு மரபணுக்கள்.

இரண்டு எதற்கு? மரபணு ஒன்று இரட்டிக்கும்போது மூலப்பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்றது மாறுவதற்குச் சுதந்திரம் பெறுகிறது என்று சுசுமு ஓனோ 1970-லேயே எழுதியிருந்தார். பிரதி ஒன்று அழியும், அல்லது புது வேலை கற்கும். ஆனால் ஒரு மீனில் கண்ட இரண்டு ஹார்மோன்களை வைத்துக்கொண்டு, அவை எப்போது, எப்படிப் பிரிந்தன என்று அன்று சொல்ல வழியில்லை.

இன்று வழி இருக்கிறது. 1998-ல் வரிக்குதிரை மீனில், உடலமைப்பை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்களின் கொத்துகள் ஏழு எனத் தெரிந்தது. எலிக்கும் நமக்கும் நான்குதான். 2004-ல் டெட்ராடன் என்ற பேத்தை மீனின் மரபணுத் தொகுதி வெளியானது. சந்தைக் கூடையில் நாம் காணும் மீன்களில் பெரும்பாலானவை அடங்கிய டீலியோஸ்ட் கூட்டத்தின் மூதாதையில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, மரபணுத் தொகுதி முழுவதுமே ஒருமுறை இரட்டித்திருக்கிறது என்பது ஐயமற உறுதியாயிற்று. இரட்டைகள் எல்லாமே அந்த ஒரே நிகழ்வில் பிறந்தவை அல்ல. ஒரே மரபணு அடுத்தடுத்துப் படியானதும் உண்டு. இரட்டித்தவற்றில் பெரும்பாலானவை பிறகு அழிந்தும் போயின.

தப்பியவற்றின் கதைதான் என்னை இழுத்து நிறுத்துகிறது. 1999-ல் ஆலன் ஃபோர்ஸ், மைக்கேல் லிஞ்ச் முதலானோர் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டினார்கள்: இரண்டு பிரதிகளும் ஆளுக்கொரு திறனை இழந்து, பழைய வேலையைத் தமக்குள் பாகம் பிரித்துக்கொள்ளலாம். டெட்ராடனில் அதை நேராகவே பார்க்கலாம். போம்க் என்ற மரபணு நமக்கு ஒன்று; மன உளைச்சலுக்கும் நிறத்துக்கும் வலித் தணிப்புக்குமான ஹார்மோன்கள் அந்த ஒன்றிலிருந்தே வெட்டி எடுக்கப்படுகின்றன. டெட்ராடனில் அது இரண்டு. மூளையில் ஒன்று ஓரிடத்திலும் மற்றது வேறிடத்திலும் இயங்குகிறது. இரண்டாவதில் எண்டார்ஃபின் பகுதி சிதைந்து, அதை வெட்டி எடுப்பதற்கான குறியே போய்விட்டது. ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் அரோமட்டேஸும் அப்படியே. மனிதரில் ஒரே மரபணு பல விசைகளோடு சூலகத்திலும் மூளையிலும் வேலை செய்கிறது. மீனில் சூலகத்துக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று.

அன்று ஒரு ஹார்மோனுக்கு ஒரு மீனை அறுத்தார்கள். இன்று திரையில் ஒரே மாலையில் நூறு இனங்களை வரிசையாக வைத்து ஒப்பிடலாம். எந்தப் பிரதி எந்தக் கிளையில் தொலைந்தது என்பதும் தெரியும். இது சிறிய ஆதாயமில்லை. ஆனால் மக்ளவுட்டின் கையில் சாறு இருந்தது, எதிரே முயல் இருந்தது, விளைவு கண்முன் தெரிந்தது. இன்று பெயரிடப்பட்ட பிரதிகள் பல, அந்த மீனின் உடலில் என்ன செய்கின்றன என்று யாரும் சோதிக்காமலே பட்டியலில் நிற்கின்றன. வரிசையை வாசிப்பது வேலையை அறிவதாகாது. இந்த இடைவெளி எனக்குக் கவலை தருகிறது.

ஹாபெனரின் தூண்டில் மீன் விஷயமே அதற்குச் சான்று. 1982-ல் அங்கே குளுக்ககானை அடுத்து, அதைப் போன்ற இன்னொரு துண்டும் தெரிந்தது. பாலூட்டிகளில் அதன் இணையைத் தேடியபோது கிடைத்தது ஜிஎல்பி-1. இன்று நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் ஊசியாகப் போடப்படும் செமக்ளூட்டைடு அதை ஒட்டி உருவானதே. நம் உடலில் அது இன்சுலினைச் சுரக்கத் தூண்டுகிறது. மீனிலோ, குளுக்ககானைப் போலவே, கல்லீரலைச் சர்க்கரையை வெளிவிடச் செய்கிறது. நம்முடைய ஜிஎல்பி-1 ஏற்பிக்கு நிகரான மரபணு மீன்களில் தொலைந்துவிட்டது. குளுக்ககான் ஏற்பியின் இரட்டைப் பிரதி ஒன்று அந்த இடத்துக்கு வந்து, அந்த ஹார்மோனைப் பற்றிக்கொண்டது.