கடல் கடந்த சொற்களும் மலாய் மொழியியலும்

சாத்தான்குளத்துக்குக் கிழக்கே மணப்பாடு, குலசேகரன்பட்டினம், காயல்பட்டினம், புன்னைக்காயல் எனக் கடற்கரை ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. கொற்கை முத்தால் புகழ்பெற்றது இக்கடற்கரை. தமிழகத்துத் துறைமுகங்களிலிருந்து கீழைக்கடல் சென்ற வணிகர், சரக்கை இறக்கிய இடத்தில் சொல்லையும் இறக்கினர். இன்றைய மலாய் மொழியில் கப்பல், கடை, பெட்டி, கட்டில், முதல், வகை, மீசை, விலங்கு முதலிய தமிழ்ச்சொற்கள் சிறிதே உருமாறி வழங்குகின்றன. இச்சொற்கள் சென்ற வழியை ஆராய்வதும், அவற்றை ஏற்ற மொழியின் அமைப்பை விளக்குவதும் மலாய் மொழியியலின் பணிகளாகும். அத்துறையில் பல்கலைக்கழக விரிவுரையாளராக விரும்புவோர்க்குத் தமிழறிவு ஒரு நல்ல தொடக்கம்.

ஒலி தரும் சான்று

தமிழில் ‘கப்பல்’ என்பதில் இரட்டித்து நிற்கும் பகரம் வலிந்து ஒலிக்கும். ‘கடை’ என்பதிலுள்ள டகரமும் ‘முதல்’ என்பதிலுள்ள தகரமும் உயிர்களுக்கிடையே மென்மையாக ஒலிக்கும். இவ்விருவகை ஒலிகளுக்கும் தமிழ் நெடுங்கணக்கில் தனித்தனி எழுத்துகள் இல்லை. மலாய் மொழியில் உண்டு. அங்கே கப்பல், பெட்டி, கட்டில் ஆகியவற்றின் மெய்கள் இரட்டிப்பை இழந்தும் வலிய ஒலியாகவே நிற்கின்றன. கடை, முதல், வகை ஆகியவற்றின் இடைமெய்களோ மெலிந்த ஒலியாகவே எழுதப்படுகின்றன. ஏட்டில் கண்டு எடுக்காமல், பேசக் கேட்டே மலாய் மக்கள் இச்சொற்களைப் பெற்றனர் என்பதற்கு இவ்வொழுங்கு சான்றாகிறது. வகை, விலங்கு ஆகியவற்றின் முதலிலுள்ள வகரம், ‘பஸ்’ என்னும் சொல்லின் முதலொலியாக மாறியிருப்பதும் இவ்வாறான ஓர் ஒழுங்கே.

ஓசை ஒற்றுமை ஒன்றையே கொண்டு ஒரு சொல்லைத் தமிழ்ச்சொல் எனத் துணிதல் ஆய்வாகாது. முத்தைக் குறிக்கும் மலாய்ச்சொல் ‘முத்தியாரா’ என்பதாகும். இது தமிழின் ‘முத்தாரம்’ என்பதிலிருந்து சென்றதா, வடமொழி ‘முக்தாகாரம்’ பிராகிருத வடிவம் பெற்றுச் சென்றதா என்பது ஆராயத்தக்கது. முத்துக்குளித்துறையில் பிறந்தவர்க்கு முதல் விடை இனிக்கும். எனினும் சான்று எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் நிற்பதே ஆய்வாளர் கடமை. விருப்பத்தைச் சான்றாகக் கொள்ளாத இவ்வொழுக்கமே விரிவுரையாளரின் முதல் தகுதி.

மலாய் மொழியின் அமைப்பு

தமிழ் பெரும்பாலும் பின்னொட்டுகளால் சொல்லாக்கம் செய்யும். மலாய் முன்னொட்டு, பின்னொட்டு ஆகிய இரண்டையும் கையாளும். ‘அஜார்’ என்னும் அடிச்சொல்லிலிருந்து ‘பெலாஜார்’ (கற்றல்), ‘மெங்ஙாஜார்’ (கற்பித்தல்), ‘பெலாஜாரான்’ (பாடம்) ஆகியவை பிறக்கின்றன. கற்றலும் கற்பித்தலும் ஒரே வேரினவாதல் எண்ணத்தக்கது. ‘டூரி’ (முள்) என்பதோடு ‘ஆன்’ ஒட்டுச் சேர, முள் நிறைந்த துரியன் பழத்தின் பெயர் அமைகிறது. ‘ரம்புத்’ (மயிர்) என்பதோடு அவ்வொட்டுச் சேர்ந்ததே ரம்புத்தான்.

மலாய் மொழியின் பழைய வரலாற்றுக்கும் தமிழகத்து எழுத்து மரபு துணைசெய்கிறது. காலம் குறிக்கப்பெற்ற மிகப் பழைய மலாய்க் கல்வெட்டுகளுள் ஒன்று, சுமத்திரா தீவின் பலெம்பாங்குக்கு அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு. கி.பி. 683ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, பல்லவ எழுத்து மரபில் பொறிக்கப்பட்டது. அத்தீவின் பாருசு பகுதியில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டும் கிடைத்துள்ளது. அஃது ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் குறிப்பிடுகிறது.

முன்னோர் சென்ற வழி

1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் முன்னோர், ஏமன் நாட்டிலிருந்து நாகூரில் குடியேறியவர். அப்துல்லா இளமையில் தமிழும் கற்றார். மலாய் கற்பித்து ‘முன்ஷி’ எனப் பெயர் பெற்றார். 1849இல் அச்சான அவருடைய தன்வரலாறு மலாய் உரைநடையில் புதிய போக்கைத் தொடங்கிய நூலாக மதிக்கப்படுகிறது.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். உரோமையில் பயின்று, சாத்தான்குளத்துக்குத் தென்மேற்கேயுள்ள வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி ஏற்றபோது, தம் தமிழறிவு போதாது என உணர்ந்தார். ஆசிரியராக இருந்துகொண்டே அங்குத் தமிழ் மாணவரானார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியரானார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நிகழ முன்னின்று உழைத்தார். 1679இல் அச்சான புரோவென்சாவின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி, அவர் முயற்சியால் 1966இல் மறுபதிப்புக் கண்டது. அவர் கற்பித்தது மலாய் அன்று. எனினும் ஒரு மொழியை வளர்ந்த பின்னும் முறையாகக் கற்றுப் பல்கலைக்கழக ஆசிரியராகலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

செல்லவேண்டிய வழி

இளங்கலையில் தமிழோ ஆங்கிலமோ மொழியியலோ பயின்று, முதுகலையில் மொழியியல் கற்றல் ஏற்ற வழி. இந்தியப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியராக, முதுகலையில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ பொதுவாக வேண்டும். மொழியியல் அத்தேர்வின் பாடங்களுள் ஒன்று. மலாய் ஆய்வை முதன்மையாகக் கொள்வோர் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, நெதர்லாந்தின் இலெய்டன் ஆகிய இடங்களின் பல்கலைக்கழகங்களை நாடலாம். அதற்கு மலாய் மொழியைப் பிழையின்றிப் பேசவும் எழுதவும் தேர்ச்சி வேண்டும். சாவி எனப்படும் அரபு வழி எழுத்தை அறிதல், பழஞ்சுவடிகளைப் படிக்க உதவும்.

விரிவுரையாளரை மலாய் மொழியில் ‘பென்ஷாரா’ என்பர். விளக்கம் என்னும் பொருளுடைய அரபுச்சொல்லோடு மலாய் முன்னொட்டுச் சேர்ந்த இச்சொல்லுக்கு ‘விளக்குபவர்’ என்பது பொருள். பிறர்க்கு விளக்க விரும்புவோர் முதலில் தாம் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். தம் ஊர்க் கடையில், கடலோரத்தில், வீட்டில் வழங்கும் சொற்களை ஒலி பிறழாது கேட்டுக் குறித்து வைக்கும் மாணவர், இத்துறையின் முதற்படியில் இன்றே கால்வைத்தவராவார்.