ஆயில் ஏறுகிறது, ஜாக்கிரதை!

மும்பையில் பழைய டீசல் வேனை நம்பிப் பிழைப்பவர்களைப் படுத்தும் ஒரு சொட்டுக் கசிவு

செம்பூரிலிருந்து மாட்டுங்கா மண்டபங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு அனுப்பும் அந்தச் சமையல் கான்ட்ராக்டருக்குத் தன் வேன் மீது ஏகப்பட்ட புகார்கள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. கிளம்பும்போது வெள்ளைப் புகை, மேம்பாலம் ஏறும்போது கரும்புகை. முன் சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின் என்பதால் வண்டிக்குள் டீசல் நெடி. "சாம்பார்ல டீசல் வாசனைன்னு ஒருத்தர் சொல்லிட்டாப் போதும், அடுத்த முகூர்த்தம் நம்ம கையில இல்லே" என்கிறார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குத் திருப்தி. "பன்னெண்டு வருஷ வண்டி. நான் வாங்கி எட்டு மாசம் ஆச்சு. ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறையலை. சொல்லப்போனா ஸ்டிக்குல கூடுதலாவே காட்டுது."

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக், இதைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். இருவருக்குமே திருநெல்வேலிப் பக்கம். "அண்ணாச்சி, ஊத்தாத ஆயில் எப்படிக் கூடும்? மேலேருந்து டீசல் எறங்குது." ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஒரு சொட்டை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துக் காட்டினார். பிசுபிசுப்பே இல்லை. டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. இப்படியே ஓடினால் ஒருநாள் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். அன்றைக்கு வேன் வாங்கிய கடனில் பாதி இன்னொரு முறை செலவாகும்.

கசிவது இஞ்செக்டர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாகனக் கையேட்டை மொழிபெயர்த்தபோது இதற்கு 'எரிபொருள் உட்செலுத்தி' என்று எழுதிய பாவம் எனக்கு உண்டு. பட்டறையில் அதைச் சொன்னதும், "ஊசி போடுற டாக்டரா சார்?" என்று கேட்டான் உதவிக்கு இருக்கும் பையன். இங்கே எல்லாம் நாசில்தான். அதுவும் 'மைக்கோ நாசில்'. 1951ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008ல் போஷ் என்று பெயர் மாறிவிட்டது. பழைய மெக்கானிக்குகளின் வாயில் பெயர் மாறவில்லை.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி, அதற்குள் டீசலைப் பனிபோல் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பனிபோல் ஆக்குவது நாசிலின் வேலை. உள்ளே ஓர் ஊசி, அதற்கென்றே இழைத்த ஓர் உறை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றின் உறையில் போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். பம்ப் அனுப்பும் அழுத்தம் ஓர் அளவை எட்டினால் ஊசி எழும்பும், டீசல் பாயும், ஊசி பட்டென்று உட்காரும். சரியாக உட்காராவிட்டால் பனிக்குப் பதில் சொட்டு. எரியாத சொட்டு புகையாகும். மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் சேரும்.

எல்லாக் கசிவும் இவ்வளவு ஆபத்தானதல்ல. நாசிலிலிருந்து மீந்த டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸ் வெடித்திருந்தால் எஞ்சின் மேல் ஈரம் தெரியும், நெடி வரும். இரவில் அந்த வெடிப்பு வழியே காற்று புகுந்து டீசல் டாங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி சாகும். நாசிலுக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் தேய்ந்திருந்தால் 'சுஃப் சுஃப்' என்று சத்தம் வரும், சுற்றிலும் தார் போலக் கறுப்பு படியும். ஹோஸும் வாஷரும் விலை குறைந்த சாமான்கள். ஆனால் கான்ட்ராக்டர் முதலில் போன இடத்தில் எதையும் கழற்றிப் பார்க்காமலேயே நான்கு நாசிலையும் பம்ப்பையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தாராவிக்காரர் எஞ்சினை ஓடவிட்டு, பம்ப்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப்பின் நட்டைத் துணி சுற்றி ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மூன்று முறை எஞ்சின் நொண்டியது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் சத்தத்தில் மாற்றமே இல்லை. ஏற்கனவே வேலை செய்யாத சிலிண்டரை நிறுத்தினால் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? ஆள் அகப்பட்டுவிட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயல வேண்டாம். பழைய பம்ப் வண்டியில் நாசில் திறக்கும் அழுத்தமே எஞ்சினைப் பொறுத்து 100 பாருக்கு மேல் 250 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது 2 பார்தான். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி குத்திய புள்ளி போலத்தான் தெரியும். வலிக்கும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், தாமதித்தால் விரலே போகலாம். அடுத்து வந்த காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். ஓடும் எஞ்சினில் நட்டைத் தளர்த்தும் பேச்சே அங்கே கூடாது. ரிட்டர்ன் டீசலைத் தனித்தனி பாட்டில்களில் பிடித்து எது அதிகம் ஒழுக்குகிறது என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது நாசில் கைப்பம்ப் டெஸ்டருக்குப் போனது. திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் பத்து விநாடிக்காவது முனை காய்ந்திருக்க வேண்டும். இது உடனே சொட்டியது. பிரித்துப் பார்த்தால் ஊசியில் துரு, கீறல்.

துரு எங்கிருந்து வந்தது? மும்பையில் இந்தக் கேள்விக்கு மழை என்பதே முதல் பதில். கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் ஜூலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டாங்கில் இறங்கிய தண்ணீர் ஃபில்டரின் அடியில் தங்கும். அங்குள்ள திருகைத் திறந்து வடித்துவிட இரண்டு நிமிடம் போதும், செய்பவர்கள் குறைவு.

கீறலுக்குக் கலப்படமும் காரணமாகலாம். ஊசிக்கு எண்ணெய் போடுவது அதன் வழியே ஓடும் டீசலேதான். மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழவழப்பு போய்விடும். ரேஷன் மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் இது பெரும் வியாபாரம். 2005 நவம்பரில், கோலார் தங்கவயலில் வளர்ந்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், கலப்பட பங்க் மீது நடவடிக்கை எடுத்ததற்காக உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரி 25 அன்று மும்பையிலிருந்து சில மணி நேரத் தூரத்தில் உள்ள மன்மாட் அருகே, மாலேகாவ் கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணே, எண்ணெய்த் திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போய் உயிரோடு எரிக்கப்பட்டார்.

புகை விவகாரத்தில் மும்பை கோர்ட்டுக்குப் போய் நாளாயிற்று. 1999ல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உயர் நீதிமன்றம் போக்குவரத்து ஆணையர் வி.எம்.லால் தலைமையில் குழு அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் பழைய டாக்ஸிகள் சி.என்.ஜி.க்கு மாறின. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், டீசல், பெட்ரோல் வண்டிகளைப் படிப்படியாக விலக்க முடியுமா என்று ஆராயச் சொன்னது. கான்ட்ராக்டருக்கு இது தெரியும். "விலக்கட்டும் சார். கடன் முடியுற வரைக்கும் வண்டி ஓடணுமே?"

ஒரு நாசில் எலிமென்ட், நான்கு புது வாஷர், ரிட்டர்ன் ஹோஸ், இரண்டு ஃபில்டர், முழு ஆயில். செலவு அவ்வளவுதான். பழைய ஆயில் தண்ணீராகக் கொட்டியது. ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. பேரிங் சத்தம் இல்லை. ஸ்டிக்கில் ஆயில் நின்ற இடத்தில் மெக்கானிக் ஒரு கோடு கீறி, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

பதினோராம் நாள் காலை, எவர்சில்வர் அண்டாக்களோடு வேன் வந்தது. ஸ்டிக்கை உருவினார்கள். ஆயில் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தது. கான்ட்ராக்டர் முகம் வாடியது. "கொறைஞ்சிருக்கே?"

"கொறையட்டும் அண்ணாச்சி, அதுதான் நல்லது" என்றார் மெக்கானிக்.