படிப்பதற்கும் பூட்டா?

நண்பனுக்குப் புத்தகம் இரவல் கொடுத்தால் சிறைத் தண்டனை! இப்படியும் ஒரு சட்டம் வருமா, வந்தால்தான் மக்கள் வாளாவிருப்பார்களா என்று தோழர்கள் கேட்கக்கூடும். அப்படிச் சட்டம் வந்துவிட்ட ஒரு காலத்தைக் கற்பனை செய்து, 1997-ஆம் ஆண்டிலே சிறுகதை ஒன்று எழுதினார், ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கக் கணினி வல்லுநர். ‘படிக்கும் உரிமை’ என்பது கதையின் தலைப்பு. கணினித் துறையினருக்கான ஏடு ஒன்றில், அந்த ஆண்டு பிப்ரவரித் திங்களில் அது வெளிவந்தது. சில பக்கங்களிலே அடங்கிவிடும் சிறு கதைதான். ஆனால் அதை மறக்கவிடவில்லை, பின்னாலே நடந்த நிகழ்ச்சிகள்!

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

2047-ஐ ஒட்டிய காலம். டான் என்றொரு கல்லூரி மாணவன், படிப்புக்காகக் கடன்பட்டவன். உடன் படிக்கும் லிசா என்ற பெண்ணின் கணினி பழுதாகிவிடுகிறது. வேறு கணினி கிடைக்காவிட்டால் தேர்வுக்குரிய வேலையை முடிக்க முடியாது, தோல்விதான். டானிடம் வந்து அவன் கணினியை இரவல் கேட்கிறாள். கொடுப்பதிலே என்ன தயக்கம்? அதற்குள்ளேதான் அவனுடைய புத்தகங்கள் இருக்கின்றன! அவற்றை அவள் படித்துவிட்டால் அவன் குற்றவாளி. பல ஆண்டு சிறை. எந்தப் புத்தகத்தை, எங்கே, எப்போது, யார் படித்தார் என்பதைப் புத்தகமே மேலிடத்துக்கு ஒற்று சொல்லிவிடும்.

பகிர்ந்து படிப்பது இழிசெயல், கொள்ளைக்காரர்கள் செய்யும் காரியம் என்று தொடக்கப் பள்ளியிலேயே அவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். காசில்லாதவன் போய்ப் படிக்க நூலகமும் இல்லை. கட்டுகிற கட்டணத்திலே, ஆராய்ந்து எழுதியவனுக்குப் போய்ச் சேருவது பத்திலே ஒரு பங்கு. மீதி எங்கே போகிறது என்பதைத் தோழர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

டான் என்ன செய்தான்? கணினியையும் கொடுத்தான்; கடவுச்சொல்லையும் சொல்லிவிட்டான். அவள் படித்தாலும் அவனே படிப்பதாக மேலிடம் எண்ணிக்கொள்ளட்டும் என்று! அந்த ஒரு துணிச்சலிலே இருவருக்கும் காதல் பிறக்கிறது, திருமணமும் நடக்கிறது. பிற்காலத்திலே, நிலவிலே குடியேறியவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் எழுப்பிய முதன்மைக் குரல்களில் ஒன்று, படிக்கும் உரிமை!

ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். இந்தக் கதையிலே கொடுங்கோல் மன்னன் எவனும் இல்லை. புத்தகங்களைத் தெருவிலே குவித்துத் தீ வைக்கவில்லை. எல்லாப் புத்தகமும் கிடைக்கிறது. பூட்டின் சாவி மட்டும் வாசகன் கையிலே இல்லை. அவ்வளவுதான். அந்த அவ்வளவு போதும், ஒரு மாணவன் தன் தோழிக்கு உதவ அஞ்சி நடுங்குவதற்கு!

வெறுங்கற்பனை என்று தள்ளிவிடலாமா? கதை வெளிவந்த மறு ஆண்டு, 1998 அக்டோபரில், டி.எம்.சி.ஏ. எனப்படும் பதிப்புரிமைச் சட்டம் அமெரிக்காவிலே கையெழுத்தாயிற்று. மின்னூலுக்கு இட்ட பூட்டை உடைப்பது, சில விலக்குகள் நீங்கலாக, அந்தச் சட்டப்படி தவறு. உடைக்கும் கருவியைச் செய்து விற்பதும் குற்றம்.

2001 ஜூலையில் டிமிட்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய இளைஞர் லாஸ் வேகாஸ் நகருக்கு உரையாற்ற வந்தார். அடோபி நிறுவனத்து மின்னூல்களின் பூட்டைத் திறக்கும் மென்பொருளை எழுதியவர் அவர். உரை முடிந்து ஊர் திரும்பும் நேரத்தில் கைது! அவர் நாடு திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அவர் வேலை பார்த்த நிறுவனத்தின்மீது வழக்கு நடந்தது. 2002 டிசம்பரில், குற்றமில்லை என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்.

2009 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவியிலே, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ நாவலைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்கள் ஒருநாள் பார்த்தார்கள்; புத்தகத்தைக் காணோம்! விற்ற பதிப்பாளருக்கு உரிமை இல்லை என்று காரணம் சொல்லி, இருந்த இடத்திலிருந்தே அழித்துவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். கேட்டாரென்ன? கடைக்காரன் நள்ளிரவிலே வீடு புகுந்து, விற்ற புத்தகத்தை எடுத்துக்கொண்டு, காசை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம்?

2019-லே மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியது. கடையோடு, வாங்கியவர்களின் புத்தகங்களும் மூடிக்கொண்டன! பணம் திரும்ப வந்தது. ஓரத்திலே குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர். ஒரு மனிதன் படித்துச் சிந்தித்ததற்கு இட்ட விலை அது!

நூலகங்களின் நிலை? 2011-லே ஹார்ப்பர் காலின்ஸ் பதிப்பகம் ஒரு விதி செய்தது. நூலகம் வாங்கும் மின்னூலை 26 முறைதான் இரவல் கொடுக்கலாம். பிறகு மீண்டும் காசு கொடுக்க வேண்டும். தாளிலே அச்சிட்ட புத்தகம் கிழிந்தால் தைத்து, அட்டை போட்டு, 27-ஆவது ஆளுக்கும் கொடுப்பார் நூலகர். கிழியவே கிழியாத மின்னூல், 26-லே செத்துவிடுகிறது!

“எழுதியவன் பட்டினி கிடக்க வேண்டுமா?” என்று எதிர்க்கேள்வி வரும். உழைத்தவனுக்குக் கூலி வேண்டாம் என்று நாம் சொல்லுவோமா? எழுதியவனுக்குரியது கிடைத்தே தீரவேண்டும். ஆனால் விற்ற பிறகும் அந்தப் பொருளின்மீது ஆட்சி செலுத்துவேன் என்பது வேறு. 1908-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது ஒரு பதிப்பகம். 89 செண்டுக்கு விற்றது மேசிஸ் கடை. வழக்கிலே கடைதான் வென்றது. ஒருமுறை விற்ற புத்தகத்தின் மறுவிற்பனையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைத்தான் இன்று தந்திரமாகத் தாண்டுகிறார்கள். எப்படி? “நாங்கள் புத்தகத்தை விற்கவே இல்லை, படிக்க அனுமதி மட்டுமே கொடுத்தோம்” என்று! காசு வாங்கும்போது விற்பனை. உரிமை கேட்கும்போது வாடகையா?

உரக்கப் படிப்பதற்கும் தடை வந்தது, தோழர்களே! டீக்கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இதன் பொருள் விளங்கும். 2009 பிப்ரவரியில் வந்த கிண்டில் கருவி, புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டியது. எழுத்தாளர் சங்கம் ஒன்று எதிர்த்தது. பதிப்பாளர் விரும்பினால் அந்தக் குரலை அடக்கலாம் என்று அமேசான் இணங்கியது. கண் பார்வையற்றோர் ஏப்ரல் திங்களிலே நியூயார்க் நகரில் அந்தச் சங்கத்தின் அலுவலகத்துக்கு முன்னே திரண்டு ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். அவர்கள் இலவசம் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதைக் காதால் படிக்க விடுங்கள் என்றார்கள்.

நம் நாட்டிலே? 2012-லே இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இங்கும் பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை உண்டு. ஆனால், பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம்; சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை. கதவு முழுதும் அடைபடவில்லை. அதை அடைக்க எவர் வந்தாலும், விழிப்போடிருந்து தடுக்க வேண்டியது நம் கடமை.

வாங்கிய புத்தகம் வாங்கியவனுக்குச் சொந்தமாக வேண்டும். அதைப் பிறருக்குக் கொடுக்கவும் படித்துக் காட்டவும் அவனுக்குத் தடையிருக்கக் கூடாது. அவன் எதைப் படிக்கிறான் என்று ஒற்றறிய எவருக்கும் உரிமை கூடாது. கேட்பது இவ்வளவே.

கலிபோர்னியா மாநிலத்திலே 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பிலிருக்கிறது. திரும்பப் பறிக்கக்கூடிய மின்பொருளை ‘வாங்கு’ என்று சொல்லி விற்பவர்கள், இது அனுமதி மட்டுமே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே, கைப்பேசியிலே புத்தகம் வாங்கும் தோழர்களுக்குச் சொல்லுகிறோம்: பொத்தானை அழுத்துமுன், கீழே சிறிய எழுத்திலே இருப்பதைப் படியுங்கள். அதைப் படித்துவிட்டு, பக்கத்திலிருப்பவருக்கும் சொல்லுங்கள்!