தேயிலையைப் படிப்பதா, தேயிலைக்குப் படிப்பதா?

தரம் ஆறுக்கு 2026இல் வரவேண்டிய புதிய மொடியூல் பாடத்திட்டம் 2027க்குத் தள்ளிப்போனதில் பெற்றோருக்கு ஒரு வருட அவகாசம் கிடைத்தது. கூடவே ஒரு குழப்பமும் வந்து சேர்ந்தது. “மொடியூல் வருவதற்குள் பிள்ளையை வீட்டில் தலைப்புத் தலைப்பாகப் படிப்பித்துப் பழக்கிவிடலாமா?” என்று ஹட்டன், கொட்டகலை, மஸ்கெலியா பக்கமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. எழுதுகிறவர்களில் பலருக்கு மொடியூலும் தலைப்பு வழிப் படிப்பும் ஒன்றாகவே தெரிகின்றன.

மொடியூல் ஒரு பாடத்தைத் துண்டு போட்டுத் தருகிறது. கணிதம் கணிதமாகவே இருக்கும், துண்டுதான் சிறிதாகும். தலைப்பு வழிப் படிப்பு, அதாவது கருப்பொருள் படிப்பு, பாடங்களைக் குறுக்கே வெட்டுகிறது. மழை என்று ஒரு தலைப்பை எடுத்தால், மூன்று நாலு வாரத்துக்குக் கணக்கு, தமிழ், விஞ்ஞானம், வரலாறு, சித்திரம் எல்லாமே மழை வழியாக வரும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தே படிப்பிக்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள் பலவும் இந்த முறையை விரும்புகின்றன. ஆறு வயதுக்காரியும் பதினொரு வயதுக்காரனும் ஒரே மேசையில் ஒரே விடயத்தைப் படிக்கலாம் என்பது அதற்கு ஒரு காரணம்.

இதைப் புதுமை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1972இலேயே நமது ஆரம்பப் பிரிவுக்கு ஒருங்கிணைந்த பாடத்திட்டம் வந்துவிட்டது. பின்னர் வந்த ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ பாடம் 16 கருப்பொருள்களைச் சுற்றிக் கட்டப்பட்டது. தரம் ஒன்றில் தொட்ட கருப்பொருளை அடுத்தடுத்த தரங்களில் மறுபடி தொட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாகப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. கடதாசியில் அருமையான ஏற்பாடுதான். நடைமுறையில் தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறது. இரண்டாம் வினாத்தாளின் 60 கேள்விகளுக்காக அந்தக் கருப்பொருள்கள் டியூசன் கொட்டிலில் மாதிரி வினாத்தாள்களாக அரைபட்டுப் போயின. ‘மாணவர் மையக் கல்வி’ என்று கல்வி அமைச்சு சொல்லும்போது, அது சம்பந்தமாக ஒரு சுற்றறிக்கை அனுப்பப்பட்டிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இனி, கடிதம் எழுதியவர்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். தலைப்பை யார் தேர்வது, எதை வைத்துத் தேர்வது?

தோட்டத்தில் முதலில் கைக்கு வருவது தேயிலைதான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரையலாம். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டதை எழுதலாம். கொழுந்தை எண்ணலாம், கவ்வாத்து வெட்டுவதை அம்மாவிடம் கேட்டு எழுதலாம். பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து தொடங்கு என்று கல்வியியல் புத்தகமும் சொல்கிறது. எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் உறுத்துகிறது; காரணம் பழைய கதைகளில் இருக்கிறது.

1953இல் சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளை பள்ளியில் மூன்று மணி நேரம் இருந்தால் போதும். மிச்ச நேரம் வீட்டுத் தொழிலைப் பழகலாம். குலக்கல்வி என்று பெயர் வாங்கிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் ராஜாஜி பதவி விலக, பின்னால் வந்த காமராஜர் அதைக் கைவிட்டார். அதற்கு முன்பே, 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பு போன்ற ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதோடு இணைத்தது. நம் பக்கத்திலும் கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் 1930களில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று நடந்தது. ஆங்கிலப் பாடசாலைதான் உத்தியோகத்துக்கு வழி என்று கண்ட பெற்றோர் அதை இரண்டாந்தரமாகவே பார்த்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்துப் பிள்ளை உலகத்தைப் படிக்கும், நீ உன் அப்பாவின் வேலையைப் படி என்றால் யாருக்குத்தான் கசக்காது?

மலையகத்தில் அந்தக் கசப்புக்கு வேர் இன்னும் ஆழம். 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் துரைமார் கையில்தான் கொடுத்தது. கொழுந்து பறிக்க ஆள் தேவைப்படுகிறவரே அந்த ஆளின் பிள்ளை எவ்வளவு படிக்கவேண்டும் என்று முடிவுசெய்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன; எழுபதுகளில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இந்தப் பின்னணியில் பத்து வயதுப் பிள்ளையிடம் ‘தேயிலை’ என்று தலைப்பு எழுதச் சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

அதற்காகத் தேயிலையை ஒதுக்கவும் தேவையில்லை. தலைப்போடு நிறுத்திவிடாமல் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: அம்மா இன்று பறித்த கொழுந்து எத்தனை கிலோ தூளாகும், அந்தத் தூள் எந்த விலைக்குப் போகும்?

நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தூள். ஒரு நாளைக்கு 18 கிலோ பறித்ததாக வைத்துக்கொண்டால் நாலு கிலோ தூள் வரும். 2026 முதல் நாட்சம்பளம் 1,550 ரூபாவும் அரசாங்கத்தின் வரவுக் கொடுப்பனவு 200 ரூபாவுமாக 1,750. அதை நாலால் பிரித்தால் கிலோவுக்கு 437 ரூபா 50 சதம் பறித்தவர் கைக்கு வருகிறது. தசமம் படிக்க இதைவிட நல்ல இடம் உண்டா? அடுத்து, 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தின் விலையைப் பத்திரிகையில் தேடவேண்டும். இடையில் உள்ள தொகை எங்கே போகிறது என்று பட்டியல் போடவேண்டும்: உரம், தேயிலை ஸ்டோருக்கு விறகும் மின்சாரமும், லொறி, தரகு, சம்பளம் வாங்கும் மற்றவர்கள். நிறுவையில் கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பது எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டால் ஒரு கட்டுரையே கிடைக்கும்.

கணக்கு யாருக்குச் சாதகமாக வரும் என்று தொடங்கும்போதே தெரியக்கூடாது. துரை சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் பிள்ளை கண்டுபிடித்தால் அதையும் கொப்பியில் எழுதட்டும். விடை முன்பே தெரிந்த கேள்வியானால் அது பிரசாரம். அதற்கு வீட்டில் தனி மேசை வேண்டியதில்லை, மேடைகள் போதும்.

மழையையும் இப்படியே எடுக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்துப்போட்ட பிறகு எந்த லயத்திலும் இது வெறும் பாடமாக இருக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற மழை அளவுகளை வைத்து மண்சரிவு எச்சரிக்கையைப் படிப்படியாக உயர்த்துகிறது. 150ஐத் தாண்டினால் வெளியேறும் கட்டம். நேரான பக்கங்கள் உள்ள போத்தலும் அடிமட்டமும் இருந்தால் பிள்ளையே மழையை அளக்கலாம். சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் ஏறக்குறைய 1,100 லீற்றர் தண்ணீர். அதே அளவு மலைச்சரிவு முழுக்க இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு நாம் பேசாமல் இருக்கலாம். (போத்தலைப் பார்த்துவிட்டு அதிகாரிகளின் எச்சரிக்கையைத் தட்டிக்கழிக்கக்கூடாது. இதையும் சொல்லிக்கொடுங்கள்.)

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. வாசிப்பும் கணிதமும் படிப்படியாக ஏறவேண்டியவை. நெடும்பிரித்தல் தெரியாத பிள்ளைக்கு ஏலக் கணக்கு வெறும் அலங்காரம். ஆகவே தினமும் அரை மணி நேரம் கணக்குக்கும் வாசிப்புக்கும் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் தலைப்புக்கு வரவேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பாடசாலையிலிருந்து விலக்கிவிடலாமா? வேண்டாம், 5 வயது முதல் 16 வரை கட்டாயக் கல்வி, இந்த முறையைப் பின்னேரத்திலும் விடுமுறையிலும் செய்யலாம்.

மலையில் நின்றுவிட்டு வரும் அம்மாவுக்கு ஏது நேரம்? வாரத்தில் இரண்டு பின்னேரம் போதும். பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது என்றால்? தேயிலைத் தலைப்பில் அவர்தான் ஆசிரியர், எழுதும் வேலை பிள்ளைக்கு.

இணையம் வேண்டுமா? மேலே சொன்ன தேயிலைக்கும் மழைக்கும் வேண்டாம்.

புத்தகம், கிட் என்று விற்கிறார்களே? காசை மிச்சம் பிடியுங்கள்.

வருடத்துக்கு எத்தனை தலைப்பு? நாலு, ஐந்தாவதைப் பிள்ளை கேட்டால் கொடுங்கள்.

புலமைப்பரிசிலுக்கு உதவுமா? நேரடியாக உதவாது.