உச்சமுனையும் கயிலைப் பாதையும்

பெயரில் உச்சம் உண்டாயினும், கற்பிட்டிக் கடலோரத்து உச்சமுனை தாழ்ந்த மணல் நிலமே. அங்கே நாம் சுவாசிப்பது கடல்மட்டத்துச் செறிந்த காற்று.

இமயக் கணவாய்களைக் கடந்து கயிலையை வலம்வருவோர், சுமார் 5,600 மீற்றர் உயரத்து டோல்மா கணவாயிலும் ஏறவேண்டும். அங்கும் காற்றில் ஒட்சிசன் 21 வீதமே. ஆனால் காற்றமுக்கம் பாதியாதலால், மூச்சுதோறும் கிடைப்பதும் பாதியே. தலைவலியும் குமட்டலும் உடல் விடுக்கும் எச்சரிக்கைகள். அவற்றைப் பொருட்படுத்தாது ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர்கோத்து உயிர் போகவும் கூடும். 3,000 மீற்றருக்கு மேல், இரவு தங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மிகாமல் உயர்த்துதல் நன்று. நோய் மிகுந்தால் உடனே இறங்குதலே மருந்து.

உடல் தேய்ந்தும் திரும்ப மறுத்த அப்பரடிகள், இறைவன் பணித்தவாறு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்கிறது பெரியபுராணம். மலையினின்று இறங்குதல் தோல்வியன்று.