வைரியின் கூடு

வைரி ஒரு சிறிய வேட்டைப் பறவை. புறா அளவுதான் இருக்கும். முதுகு சாம்பல் நிறம். நெஞ்சில் செம்பழுப்புக் கோடுகள். ஆண் பறவையின் கண் சிவப்பாக இருக்கும். வடநாட்டில் இதைச் 'சிக்ரா' என்பார்கள்.

இமயமலை அடிவாரம் முதல் கன்னியாகுமரி வரை வைரி உண்டு. அடர்ந்த காட்டைத் தேடிப் போவதில்லை. வயலோரம், தோப்பு, ஊர்ப் பொது மரம், டில்லி நகரத்துப் பூங்கா எல்லாம் அதற்குப் போதும். அணில் ஓயாமல் கத்தினால் அண்ணாந்து பாருங்கள். வைரி வந்திருக்கலாம்.

மார்ச் முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலம். உயரமான மாமரத்திலோ வேறு மரத்திலோ, இலை மறைவில், கிளை பிரியும் இடத்தில் சுள்ளிகளை அடுக்கும். உள்ளே புல் பரப்பும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே கட்டும். கீழிருந்து பார்த்தால் காக்கைக் கூடு என்றே நினைப்போம். பெண் பறவை பெரும்பாலும் மூன்று, நான்கு முட்டை இடும். அடைகாக்க ஏறக்குறைய 20 நாள் ஆகும். ஆண் இரை கொண்டுவரும்.

வைரி கோழிக்குஞ்சைத் தூக்குவது உண்மைதான். வளர்த்தவருக்கு வயிறு எரியும். அதனால் சிலர் கூட்டையே கலைத்துவிடுகிறார்கள். ஆனால் அது அதிகம் தின்பது ஓணான், தவளை, சுண்டெலி, வெட்டுக்கிளி, சிறு பறவைகள். பயிரைத் தின்னும் எலியும் வெட்டுக்கிளியும் அதில் சேர்த்திதானே!

வைரியைக் கொல்வதும் முட்டையை எடுப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கோழிக்குஞ்சுகளைச் சில வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் தப்பிவிடும். கூடுள்ள கிளையை வெட்ட வேண்டுமானால், வைரிக் குஞ்சுகள் பறந்து போகும்வரை பொறுக்கலாம்.