மொழி விழுக்காடும் மலையக மக்களும்: ஒளிபரப்பு உரிமம் பற்றிய சில குறிப்புகள்

அலைவரிசைகள் வரம்புக்குட்பட்ட பொதுச் சொத்தாகும். எனவே, அவற்றைப் பயன்படுத்தும் உரிமத்தை அரசு யாருக்கு, எந்நிபந்தனைகளுடன் வழங்குகின்றது என்பது வெறும் நிருவாக விடயமன்று. பண்பாட்டதிகாரம் பற்றிய வினாவுமாகும். சிறுபான்மையினர்க்கான தொலைக்காட்சிகளுக்கு விதிக்கப்படும் மொழி நிபந்தனையை மலையகத் தோட்டத் தொழிலாளரின் நிலைநின்று நோக்குவதே எமது முயற்சியாகும்.

இத்துறையில் தெளிவான முன்மாதிரி கனடாவினது. அங்குள்ள ஒளிபரப்பு ஆணைக்குழு 1985இல் இனக்குழும ஒளிபரப்புக் கொள்கையொன்றை வகுத்து, 1999இல் அதனைத் திருத்தியது. திருத்திய கொள்கைப்படி, இத்தகைய நிலையங்கள் தம் நிகழ்ச்சிகளில் 60 விழுக்காட்டை இனக்குழுமங்களுக்கும், 50 விழுக்காட்டை ஆங்கிலம், பிரெஞ்சு, முதற்குடியினர் மொழிகள் ஆகியனவல்லாத 'மூன்றாம் மொழி'களுக்கும் ஒதுக்குதல் வேண்டும். உள்ளூர்ச் சமூகத்திற்குப் பணியாற்றி அதனைப் பிரதிபலித்தலும் அந்நிலையங்களின் முதன்மை நோக்கமாகக் கொள்ளப்பட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையில், 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டம் தனியார் தொலைக்காட்சிக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை அமைச்சரிடம் ஒப்படைத்தது. மொழி விழுக்காடு எதனையும் அது வரையறுக்கவில்லை. 1997இல் முன்வைக்கப்பட்ட ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபை மசோதா, உத்தேச அமைப்பு அரசிலிருந்து சுதந்திரமானதன்று என்பதனால், அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியதெனினும், அவ்வுரிமை உரிமப் பத்திரத்தின் நிபந்தனையாக உருப்பெறவில்லை.

அவ்வாறாயின், தமிழுக்குக் குறித்த விழுக்காட்டை விதித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? 1998இல் சக்தியும் 2009இல் வசந்தமும் தோன்றியமையால் தமிழ் ஒளிபரப்பு நேரம் பெருகியது உண்மையே. ஆயினும், விழுக்காடு என்பது மொழியை அளக்கும்; அம்மொழியில் யார் பேசுகின்றனர் என்பதை அளக்காது. தென்னிந்தியத் தொடர்களையும் திரைப்படங்களையும் விலைக்கு வாங்குவது, உடப்புசல்லாவையின் லயன்களுக்குப் படக்கருவியுடன் செல்வதிலும் மலிவானது. விளம்பரதாரர் வாங்குந்திறனையே நாடுவர். நாட்கூலி பெறும் தொழிலாளியிடம் அது சொற்பமே. ஆகவே விதியின் வடிவம் நிறைவுறும். உள்ளடக்கமோ வெறுமையாய் எஞ்சும். கொழுந்து நிறுவை, துண்டுக் கணக்கு, பெரட்டுக்களத்து வாக்குவாதம் ஆகியவற்றைச் சொல்லும் தமிழ் திரைக்கு வெளியேயே நிற்கும்.

இஃது இலக்கியச் சுவை சார்ந்த குறைபாடு மாத்திரமன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டக் குடியிருப்புகளை மண் மூடிய நாட்டில், மண்சரிவு எச்சரிக்கை உரிய வேளையில், இடம் சுட்டி, மக்களின் மொழியில் வந்தடைய வேண்டியதன் அவசியத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோ. நடேசய்யர் 1920களிலேயே 'தேசபக்தன்' இதழ்வழியும், அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் பாடல்கள்வழியும் தொழிலாளரிடம் பேசினர். அவர்கள் உணர்த்திய பாடம், தொடர்புச் சாதனம் எவர் கையில் உள்ளது என்பதே அதன் குரலைப் பெரிதும் நிர்ணயிக்கும் என்பதாகும்.

எனவே, மொழி விழுக்காடு தேவையானது, ஆயினும் போதுமானதன்று. உள்ளூர்த் தயாரிப்புக்குரிய விழுக்காடும், தொழிலாளர் பிரதிநிதித்துவமும், அமைச்சரின் பிடியிலிருந்து விடுபட்ட ஆணைக்குழுவும் அதனுடன் இணைதல் வேண்டும். இவையின்றி வழங்கப்படும் தமிழ் உரிமம், மலையக மக்களைத் தமிழ் கேட்போராக மட்டுமே ஏற்கும். தமிழில் பேசுவோராக ஏற்காது.